சுவரில்லாத பக்கத்தில் நான்கு நிமிடம்

பிரேசர் டவுன், பெங்களூரு
அக்டோபர் 9

அன்புத் தம்பி டிரேவருக்கு,

உன் முதுகுவலி கொஞ்சமாவது தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். டொராண்டோவில் குளிர் தொடங்கியிருக்கும். இங்கே விடாத மழை. நம் தெருவை மறுபடி தோண்டிப் போட்டிருக்கிறார்கள்.

உன் மனைவியிடம் காட்ட நீ கேட்ட வரியை என்னால் எழுதித் தர முடியாது. "வலி மாத்திரையும் கஞ்சா எண்ணெயும் சேர்ந்தா பயம் குறையும்னு நீதானே சொன்ன அக்கா, அதை எழுதி அனுப்பு, யூனிஸ் வாயை மூடுவா" என்கிறாய். சொன்னது நான்தான். அவசரப்பட்டுவிட்டேன்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் பயத்தை அளக்கும் சோதனைக்கு உயரமான, சிலுவை வடிவ மேடை ஒன்று உண்டு. இரண்டு பக்கம் சுவர் இருக்கும், இரண்டு பக்கம் இருக்காது. பயந்த சுண்டெலி சுவருக்குள் ஒளியும். பயம் குறைந்த எலி வெளியே வரும். இரண்டு மருந்தும் கொடுத்த எலிகள் ஐந்து நிமிடத்தில் நான்கு நிமிடம் வெளியே இருந்தன. அதைத்தான் உன்னிடம் சொன்னேன்.

போன வாரம் என் மாணவன் அச்யுத் வீடியோவை மறுபடி பார்த்துவிட்டு வந்தான். "மேடம், இது தைரியம் இல்ல. ஒரு அடி வெச்சு அங்கேயே உக்காந்துடுச்சு. நகரவே முடியல" என்றான். நான் நம்பவில்லை. பதினாறு எலிகளின் வீடியோவையும் நானே பார்த்தேன். அவன் சொன்னது சரி. எவ்வளவு நேரம் இருந்தன என்று கணக்கிட்டேனே தவிர, எத்தனை முறை நகர்ந்தன என்று பார்க்கவில்லை. மாணவர்கள் செய்தால் நான் திட்டும் தவறு.

எலியை வைத்து உன்னைக் கணிக்க மாட்டேன். அதனால் யூனிஸிடம் கேட்டேன். "அவருக்குப் பயமே இல்ல அக்கா. பால் பொங்கி வழியுது, பக்கத்துல உக்காந்து பாத்துட்டிருக்கார்" என்றாள். திங்கட்கிழமை முதல் குழந்தை ஐரினை நீயே காரில் பள்ளிக்குக் கொண்டுபோகப் போகிறாயாமே.

கார் சாவியை யூனிஸிடம் கொடு. எண்ணெய் விஷயம் டாக்டருக்குத் தெரியாதாம்; இந்த வாரமே சொல். நீயாக எதையும் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். கோபம் வந்தால் என்மேல் வரட்டும்.

நான் தேவாலயத்துப் பூசைக்குப் போய் எத்தனை வருடம் ஆயிற்று என்று உனக்குத் தெரியும். இந்த ஞாயிறு போகிறேன். திங்கள் காலை குழந்தை பள்ளிப் பேருந்தில் ஏறினாள் என்று ஒரு வார்த்தை அனுப்பு. அதுவரை ஆண்டவர் உங்கள் மூவரையும் காக்கட்டும்.

உன் அக்கா,
ஜோவிதா