அந்தோணியின் இடது கை

என் அருமை மாப்பிள்ளை அந்தோணி,

நீ கண்ணை மூடி எட்டு மாதமாகிறது. நம் பேட்டை நீலசந்திராவில் எல்லோரும் நலம். உன் மனைவி, என் தங்கை ரோசி, மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள். உனக்குச் சொல்ல இன்னொரு சேதியும் இருக்கிறது.

சுதந்திரம் வந்த பிறகு, கோல்ஃப் மைதானத்தில் ஆட்டக்காரர்களுக்குப் பை தூக்குகிற நமக்கென்று முதன்முதலாகப் போட்டி வைத்தார்களே, நினைவிருக்கிறதா? நீ பெயர் கொடுக்கப் போனபோது மைதானத்துப் பயிற்சியாளர் சிரித்தார்.

"மட்டை வீசுறப்போ இடது கை நேரா நீளணும்ப்பா. உன் கை மடங்கியே இருக்குது. நீ பை தூக்கு, போதும்."

சின்ன வயதில் ஒடிந்து சரியாகச் சேராத முழங்கை. அதற்கு நீ என்ன செய்வாய்?

நானும்தான் சொன்னேன்: "வேணாம் மாப்ள, நாலு பேர் முன்னாடி மானம் போயிடும்."

நீ விடவில்லை. தினமும் வேலை முடிந்ததும் ஒரு துண்டை மார்பில் குறுக்கே போட்டு, இரு முனைகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு மட்டையை வீசினாய். துண்டு விழுந்தால் மறுபடி முதலிலிருந்து. கை நீளாத குறையைத் தோளைத் திருப்பியே ஈடுகட்டினாய்.

போட்டியன்று கடைசிக் குழிக்கு நீ அடித்த பந்து கொடிக்குப் பக்கத்தில் போய் நின்றது. ஒரே ஓர் அடி கூடிப்போனதால் முதல் பரிசு தவறியது. ஆனால் பயிற்சியாளர் எல்லோர் முன்னாலும் உன்னைத் தேடி வந்தார்.

"எப்படிப்பா அடிச்சே?"

"கை மடங்குனா பரவால்ல சார். உடம்ப விட்டுத் தனியா ஓடக்கூடாது. தோள் திரும்புனா கை தானா வரும்."

"எங்கே, எனக்குக் காட்டு."

பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஆளிடம், "அவன் என் மாப்பிள்ளை" என்றேன். அந்தப் பெருமை இன்றும் குறையவில்லை. ஆனால், உன்னைத் தடுத்ததற்காக ஒருநாளாவது உன்னிடம் மன்னிப்புக் கேட்டேனா?

சேதி இதுதான். இத்தனை வருடம் பை மட்டுமே தூக்கிய நான், நேற்று இந்த வருடப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். ரோசி பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

முதல் பந்து எந்தப் புதரில் போய் விழுமோ தெரியாது. யார் சிரித்தாலும் சரி, பதினெட்டுக் குழியும் ஆடி முடிக்காமல் வீடு திரும்ப மாட்டேன். இது சத்தியம்.

உன்னைத் தங்கைக்குக் கணவனாகப் பெற்ற,
உன் மச்சான் சூசை