கண்டியில் முதலாவதாக வந்தவளுக்கு

உன் கருமாதி முடிந்த மறுவாரம் உன் மகள் வந்தாள். ஒரு பையைக் கொடுத்து, "அம்மா இத ஒங்ககிட்டயே குடுக்கச் சொல்லிச்சுங்க" என்றாள். உள்ளே அந்த நீலக் குளிரங்கி. முதுகில் நாட்டின் பெயர் பாதி உரிந்திருந்தது. துவைத்து மடித்திருந்தும் கைமடிப்பில் தேயிலைக் கொழுந்துச் சாறும் விறகுப் புகையும் மணத்தன. அதை மடியில் வைத்துக்கொண்டு, உன்னிடம் நேரில் சரியாகச் சொல்லாமல் போனதை இப்போது எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. வட்டகொடைக்கு மேலே, நம் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான ஒரே லயத்தில் மூன்று காம்பிரா அறை தள்ளி நீயும் நானும். பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. தாய்லாந்தில் பல நாட்டுப் பிள்ளைகளுக்கான விளையாட்டுப் போட்டி நடக்கப்போவதாகவும், ஓட்டம், நீச்சல், ஜூடோ என்று எல்லாம் ஒரே ஊரில் பத்து நாள் என்றும், பதினேழு வயதுக்கு உட்பட்டவர்கள் மட்டும் போகலாம் என்றும் விளையாட்டுச் சொல்லித்தரும் ஆசிரியர், எங்கள் சேர், வந்து சொன்னார். கண்டியில் தேர்வு. ஆயிரத்து ஐந்நூறு மீற்றரில் ஒருத்திக்குத்தான் இடம்.

கடைசிச் சுற்றில் நீ திரும்பி என்னைப் பார்த்தது நினைவிருக்கிறது. நான் எட்டிப் பிடிக்கிறேனா என்று பார்க்கவில்லை, கூட வருகிறேனா என்று பார்த்தாய். நீ முதலாவது, நான் இரண்டாவது. ரயிலில் தலவாக்கலை வரும்வரை இருவரும் வாய் ஓயாமல் பேசினோம்.

அடுத்த வாரம் கடவுச்சீட்டுக்காக எல்லாப் பத்திரமும் எடுத்துக்கொண்டு போனாய். சேர் யாழ்ப்பாணத்துக்காரர். உன் பிறப்புச் சான்றிதழை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "பிள்ளை, இதில ரெண்டு வயசு கூடக் கிடக்கே. உனக்குப் பதினெட்டு எண்டெல்லோ இருக்கு" என்றார். உனக்குப் பதினாறுதான் என்று நான்தான் சத்தம் போட்டேன்.

அன்று சாயங்காலம் உன் அம்மா சொன்னதைச் உங்கள் காம்பிராச் சுவருக்கு வெளியே நின்று கேட்டேன். "ஒனக்கு முந்தி ஒருத்தி பொறந்தா. ஆறு மாசத்துல போயிட்டா. அந்தப் பேரையே ஒனக்கும் வச்சோம். மறுபடி பதிய டவுனுக்குப் போவணும், ரெண்டு நாள் வேலை போயிரும். இருக்குற பத்திரமே போதும்னு நெனச்சுட்டோம்டி."

அவ்வளவு காலமும் நீ உன் அக்காவின் பத்திரத்தில் வாழ்ந்திருக்கிறாய். சேர் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் பதிவாளர் அலுவலகங்களுக்கு அலைந்தார். திருத்தலாம், ஆனால் மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். நமக்கு இருந்தது ஐந்து வாரம். உன் இடத்துக்கு என் பெயரை எழுதினார்கள். ஓட வயது கடந்தவள் என்ற அதே பத்திரத்தைக் காட்டி, அந்த வாரமே உன்னைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் பதிந்தார்கள்.

நான் போகமாட்டேன் என்று அடம்பிடித்தேன். நீ எங்கள் வாசலில் வந்து நின்றாய்.

"ஏ புள்ள, நீ போவலைன்னா என்னை அனுப்பிருவாங்களா?"

"இல்ல."

"அப்ப யாருக்காக வீட்டுல குந்திருக்க? காலையில எந்திரி. பெரட்டுக்கு முந்தி எனக்கு ஒரு மணிநேரம் இருக்கு."

ஐந்து வாரமும் அந்த ஒரு மணிநேரத்தை எனக்குக் கொடுத்தாய். பனி கலையாத பாதையில் ஃபெக்டரிவரை ஏறி இறங்குவோம். நீ முன்னால், நான் பின்னால். நான் மூச்சு வாங்கி நின்றால் நீ நிற்கமாட்டாய். ஏழு மணிக்கு நீ கூடையோடு, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்குப் போவாய், நான் புத்தகத்தோடு பள்ளிக்குப் போவேன். ஒருநாளும் நீ முகம் சுளித்ததை நான் பார்க்கவில்லை. வருடங்கள் கழித்து அதைக் கேட்டபோது சிரித்தாய். "பொறாமை இல்லாமயா? வயிறு எரிஞ்சுச்சு. அதான் அம்புட்டு வேகமா ஓடுனேன். நீயும் ஓடிப் பழகிட்ட."

நான் கிளம்பிய அன்று நீ ஸ்டேஷனுக்கு வரவில்லை. மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தாய். ரயிலிலிருந்து தேடினேன். எல்லாப் பெண்களும் தலையில் துணி கட்டியிருந்ததால் எது நீ என்று தெரியவில்லை. எல்லோருக்குமாகக் கையசைத்தேன்.

தாய்லாந்தில் எல்லாப் பிள்ளைகளின் கழுத்திலும் அட்டை தொங்கியது. பெயர், நாடு, பிறந்த தேதி. சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது என் தேதியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். முதல் ஓட்டத்தில் ஆரம்பத்தில் கடைசிக்கு முந்தியவளாக இருந்தேன். கால் நின்றுவிடும் போலிருந்தது. ஆனால் முன்னால் போகிறவள் நிற்காவிட்டால் நானும் நிற்கக்கூடாது என்பது ஐந்து வாரத்தில் என் காலுக்குப் பழகியிருந்தது. ஐந்தாவதாக வந்தேன், இறுதி ஓட்டத்துக்கு எடுத்தார்கள். அதில் எட்டாவது. பதக்கமில்லை. என் வாழ்நாளில் அதைவிட வேகமாக நான் ஓடியதில்லை.

திரும்பி வந்ததும் நீ எத்தனையாவது என்று கேட்கவில்லை. "தரை எப்பிடிடி இருந்துச்சு?" என்றாய். ரப்பர் மாதிரி, காலைத் தூக்கிவிடும் என்றேன். "அப்பிடியா" என்று கொஞ்சநேரம் உன் வெறுங்காலைப் பார்த்தாய். அப்போதுதான் போட்டிக்காக எனக்குக் கொடுத்த நீலக் குளிரங்கியைக் கழற்றி உன்னிடம் கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்வாய் என நினைத்தேன். வாங்கி உடனே போட்டுக்கொண்டாய். எனக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று உனக்குத் தெரியாது.

அந்தப் போட்டிச் சான்றிதழால்தான் எனக்கு விளையாட்டு ஆசிரியை நியமனம் கிடைத்தது. என் வீடு, என் பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அதிலிருந்து வந்தவை. இதைச் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் நீ, "தேத்தண்ணி ஆறுது, குடி" என்று அடக்கிவிடுவாய்.

உன் மகள் வயிற்றில் இருந்தபோதுதான் பிடிவாதமாகக் கிளம்பினாய். "இவளுக்காச்சும் பத்திரம் நேரா இருக்கணும். மொதல்ல என்னுதைச் சரிபண்ணுவோம்." எட்டு மாதம் பதிவாளர் கந்தோருக்கு உன்னோடு ஏறி இறங்கினேன். கடைசி நாளில் அங்கிருந்த சிங்கள ஐயா, புதிதாகத்தானே பதிகிறோம், வேறு பெயர் வேண்டுமா என்று கேட்டார். "வேணாங்க. அக்கா பேரு நல்லாத்தான் இருக்கு" என்றாய். வெளியே வந்து படியில் உட்கார்ந்து, முதல்முறையாக அழுதாய். இருபத்தாறு வயதில் உனக்கென்று ஒரு பிறந்தநாள் கிடைத்தது.

இப்போது ஒவ்வொரு தையிலும் ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளின் சான்றிதழ்களை நானே கேட்டு வாங்கி வாசிக்கிறேன். "இது இந்தப் புள்ளையோடதுதானாங்க?" என்று தாய்மாரைக் கேட்கிறேன். சிலருக்குக் கோபம் வருகிறது. இந்த வருடம் ஒரு தாய், "இல்லைங்க, மூத்தவளோடது" என்று ஒப்புக்கொண்டாள். அவளையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு நாலு தடவை கந்தோருக்குப் போனேன். போன வெள்ளிக்கிழமை பத்திரம் வந்தது. அந்தப் பிள்ளைக்கு ஓட்டம் சுத்தமாக வராது, நூறு மீற்றருக்குள் இரண்டு தரம் விழுகிறாள். ஆனால் அவளுக்கு எத்தனை வயது என்று இனி யாரும் அவளிடம் தப்பாகச் சொல்லமுடியாது.