குடை எடுத்தீங்களா?

நவம்பர் 4, செவ்வாய்

ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள்கள், நாற்பத்திரண்டு. சிலேடைக்கு எடுத்துக்காட்டு கேட்டால் பாதிப் பேர் உவமையை எழுதி வைத்திருக்கிறார்கள். சிவப்புப் பேனா தீர்ந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை ஷெல்டனின் படம் வருகிறது. பன்னிரண்டு வருடம் அடுத்தவர் படத்துக்கு உதவி, விளம்பரத்துக்கு வாசகம் என்று அலைந்த என் வீட்டுக்காரர். இப்போதுதான் முதல் முறையாக 'வசனம்' என்று திரையில் பெயர் வரப்போகிறது. பழைய உளவாளிப் படங்களைக் கிண்டல் பண்ணும் படம். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, சுழலும் சுவர், சிவப்பு விளக்கு மினுங்கும் வில்லன் கூடாரம் எல்லாம் உண்டு. 'துப்புக்கெட்டவன்' என்று தலைப்புச் சொன்னது நான்தான். இயக்குநர் பரத்வாஜ் கேட்டதுமே கை கொடுத்தாராம்.

ஆனால் ஒரு பக்கம்கூட என்னிடம் காட்டவில்லை. எப்போதும் எழுதியதைப் படித்துக் காட்டிவிட்டு, நான் சிரிக்கிறேனா என்று முகத்தையே பார்ப்பார். இந்தத் தடவை, "தியேட்டர்ல பாரு மர்சலின், சர்ப்ரைஸ்" என்றார். சரி, இருந்துவிட்டுப் போகட்டும்.

நவம்பர் 7, வெள்ளி

முதலில் நல்லதை எழுதிவிடுகிறேன். நன்றி அட்டையில் என் பெயர் வந்தது, தனி வரியில். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தை — ஷெல்டனின் அம்மா — என் கையைப் பிடித்து அழுத்தினார்.

இருபது நிமிடம் போயிருக்கும். கதாநாயகன் மழைக்கோட்டோடு மெரினாவில் நிற்கிறான். இன்னொரு உளவாளி வந்து சங்கேத வார்த்தை சொல்ல வேண்டும். ஒரு பெண் வருகிறாள், நாலாபுறமும் பார்க்கிறாள், கேட்கிறாள்: "குடை எடுத்தீங்களா?" அவன் சொல்கிறான்: "வண்டியில இருக்கு."

தியேட்டரே சிரித்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அது எங்களுடையது. கல்யாணமாகி நாலு வருடம் சாந்தோமில் அத்தையோடு இருந்தோம். அவர் எதிரில் எதையும் வாய்விட்டுச் சொல்ல முடியாது. இதற்கு மேல் என்னால் இங்கே உட்கார முடியாது, எங்கேயாவது கூட்டிக்கொண்டு போங்கள் என்பதற்கு நாங்கள் வைத்துக்கொண்ட வார்த்தை, 'குடை எடுத்தீங்களா'. 'வண்டியில இருக்கு' என்றால், புரிந்தது, கிளம்பலாம். ஏதாவது சாக்குச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் பாலவாக்கம் வரை போய்க் கடற்கரையில் உட்கார்ந்துவிட்டு வருவோம். மந்தைவெளிக்குத் தனியாக வந்த பிறகும், கல்யாண வீடு, துக்க வீடு, எங்கே மூச்சு முட்டினாலும் அதுதான். பதினோரு வருடம். ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது.

இடைவேளைக்கு அப்புறம் இன்னொன்று. வில்லனின் ஆஸ்பத்திரி. அந்தப் பெண்ணைக் கட்டிலில் கட்டிப் போட்டிருக்கிறார்கள். வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில். கதாநாயகன் டாக்டர் வேஷத்தில் வருகிறான். அவள் தலையை மட்டும் தூக்கி, "குடை எடுத்தீங்களா?"

விசில்.

ஆறு வருடத்துக்கு முன், மே மாதம். ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தைக்குத் துடிப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அறை நிறைய சொந்தக்காரர்கள், ஜெபமாலை. நான் அவரிடம் கேட்டது அது ஒன்றைத்தான். அன்றைக்கு அவரால் என்னை எங்கேயும் கூட்டிப்போக முடியவில்லை. "வண்டியில இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்து என் கால் விரலைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

முன்னூறு பேர் சிரித்தார்கள். ஷெல்டன் நான் சிரிக்கிறேனா என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் 8, சனி

கேட்டேவிட்டேன்.

"யாருக்குத் தெரியும் மர்சலின்? நம்ம ரெண்டு பேருக்குத்தானே தெரியும்."

"அதான். நமக்குத் தெரியுமே."

"உனக்குக் காணிக்கை மாதிரி நினைச்சுத்தான் வெச்சேன்."

"ஆஸ்பத்திரியையுமா?"

"அங்கதான் ஜனங்க அதிகமா கைதட்டுறாங்க" என்றான்.

'என்றான்' என்று எழுதியிருக்கிறேன். இத்தனை வருடமாக இந்த நோட்டில் 'என்றார்'தான். அடித்துத் திருத்தப் போவதில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

பூசை முடிந்து கோயில் வாசலில் ஆளுக்கொரு அபிப்பிராயம். சான்ட்ராவுக்கு வில்லனின் ஒட்டுத்தாடி பிடித்ததாம். ஸ்தனிஸ்லாஸ் அங்கிளுக்கு இரண்டாம் பாதி இழுவை. "ஆனா அந்தக் குடை இருக்கே, அதை எங்கேர்ந்துப்பா பிடிச்சே?"

ஷெல்டன் என் பக்கம் திரும்பாமல், "சும்மா தோணிச்சு அங்கிள்" என்றான்.

சும்மா தோன்றியதாம்.

நவம்பர் 11, செவ்வாய்

பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே தியேட்டர் வாசலில் மைக் நீட்டிக் கேட்கிற வீடியோக்களை ஒன்று விடாமல் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் இடைவேளை போச்சு.

தி. நகரில் ஒரு பையன்: "கதை மொக்க மச்சி, ஆனா குடை மேட்டர் வேற லெவல்." ஒரு ஆட்டோக்காரர்: "இன்னா படம் நைனா. ஆஸ்பத்திரில அந்தப் பொண்ணு குடை எடுத்தீங்களான்னு கேக்க சொல்லோ என் சம்சாரம் சிரிச்சுக்கினே கீது, நிறுத்தவே முடில." ஒரு மயிலாப்பூர் மாமா, அந்தக் காலத்து ஒற்றர் படங்களை எல்லாம் முதல் நாளே பார்த்தவராம்: "தொப்பி, துப்பாக்கி எல்லாம் தத்ரூபமா பண்ணியிருக்கா. அந்தக் குடை மட்டும் எதுக்குன்னே தெரியலை. பேத்தல். ஆனா சிரிச்சுண்டுதான் இருந்தேன்."

இவர்கள் யார்மேலும் எனக்குக் கோபமில்லை. டிக்கெட் வாங்கினார்கள், சிரித்தார்கள். அவர்களிடம் யாரும் எதையும் நம்பி ஒப்படைக்கவில்லை.

நவம்பர் 12, புதன்

பத்திரிகையில் விமர்சனம். 'எந்தப் பொருளும் இல்லாத அந்தக் குடை வசனம்தான் படத்தின் உயிர்.' ஷெல்டன் அதை வெட்டி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறான். பதினாறு வருடமாகப் 'பொருள் கூறுக' என்று கேள்வி எழுதிப் பிழைக்கிறேன் நான். தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அதைப் படிக்க வேண்டியிருக்கிறது.

நவம்பர் 13, வியாழன்

காலையிலிருந்து மழை. ஒன்பதாம் வகுப்புக்குள் நுழைந்தேன், நாற்பத்திரண்டு பேரும் எழுந்து ஒரே குரலில், "மிஸ், குடை எடுத்தீங்களா?" உட்காரச் சொல்லிவிட்டு இலக்கணம் நடத்தினேன்.

நவம்பர் 16, ஞாயிறு

ஷெல்டன் ஏதோ பேட்டிக்குப் போய்விட்டான். நான் மட்டும் சாந்தோம் போனேன். அத்தை மாதர் சங்கத்தாரோடு படத்தை இரண்டாவது தடவை பார்த்துவிட்டு வந்திருக்கிறார். மீன் குழம்பைக் கிளறிக்கொண்டே ஆரம்பித்தார்.

"ஏன் மர்சலின், நீ இங்க இருந்தப்போ அப்பப்போ குடை எடுத்தீங்களான்னு அவனைக் கேப்பியே?"

நான் தட்டுகளை எடுத்து வைத்தேன்.

"நல்ல வெயில்லகூட கேப்பே. பாவம், பொண்ணுக்கு வெயில் ஆகாது போலன்னு நினைச்சு நானே ஒரு குடை வாங்கிக் குடுத்தேன். நீலக் கலர்." கரண்டியைக் கீழே வைத்தார். "அப்போ அந்தப் படத்துல வில்லன் நான்தானா?"

பொய் சொல்லலாம் என்று பார்த்தேன். வரவில்லை.

"நாலு வருஷம், என் கண்ணு முன்னாடியே. என் பையனும் சேர்ந்து." எனக்குப் பரிமாறினார். அவர் சாப்பிடவில்லை.

அந்த நீலக் குடையை வாங்கிக்கொண்டு நாங்கள் பாலவாக்கம் போய் விழுந்து விழுந்து சிரித்தது நினைவுக்கு வந்து மானம் போகிறது. ஊருக்கு என் ரகசியத்தைக் கொடுத்தது போதாதென்று இந்த அம்மா எதிரில் என்னை இப்படி நிற்க வைத்துவிட்டான். துப்புக்கெட்டவன். நல்ல தலைப்புத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

நவம்பர் 17, திங்கள்

அத்தை போனை எடுக்கவில்லை.

நவம்பர் 19, புதன்

குளிக்கும்போது கையில் பட்டது. இடது மார்பில், பட்டாணி அளவு. மூன்று தடவை தொட்டுப் பார்த்தேன். இருக்கிறது.

வெளியே வந்தேன். ஷெல்டன் போனில் பரத்வாஜோடு பேசிக்கொண்டிருந்தான் — இருபத்தைந்தாவது நாளுக்கு ரசிகர்களுக்குக் குடை கொடுப்பதைப் பற்றி. என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன என்று புருவத்தைத் தூக்கினான். இந்த மாதிரி நேரத்துக்கு எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வாக்கியம். இப்போது அதை நினைத்தாலே விசில் சத்தம்தான் கேட்கிறது.

"ஒண்ணுமில்லை" என்றேன். சரியென்று பேச்சுக்குத் திரும்பிவிட்டான்.

நவம்பர் 21, வெள்ளி

அம்மா இருந்திருந்தால் அம்மாவிடம் சொல்லியிருப்பேன். சான்ட்ராவிடம் சொன்னால் பங்குக் கோயில் முழுக்கத் தெரிந்துவிடும். யாரிடம் சொல்வது? இரண்டு நாள் யோசித்துவிட்டு அத்தைக்கே போன் பண்ணினேன். எடுத்தார்.

"அத்தை, மார்புல ஒரு கட்டி இருக்கு. டாக்டர்கிட்ட காட்டணும். தனியா போகப் பயமா இருக்கு."

அந்த வீட்டில் நாலு வருடத்தில் நான் எதையும் இப்படி நேராகச் சொன்னதில்லை. அத்தை கேட்டார்: "எந்த ஆஸ்பத்திரி? எத்தனை மணிக்கு?"

நவம்பர் 22, சனி

அடையாறில் ஊசி போட்டுக் கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு அடுத்த சனிக்கிழமை. திரும்பும்போது ஆட்டோவில் அத்தை கேட்டார்:

"நாலு வருஷத்துல எத்தனை தடவை குடை கேட்டிருப்பே?"

"முப்பது, நாப்பது தடவை இருக்கும் அத்தை."

"வாயைத் திறந்து வெளிய போறேன்னு சொல்லியிருக்கலாம். நான் என்ன கட்டியா போட்டிருந்தேன்?"

"சொன்னா நீங்க முகத்தைத் தூக்கி வெச்சுப்பீங்க."

"அது உண்மைதான்" என்றார். மந்தைவெளி வரும்வரை என் கையை விடவில்லை.

நவம்பர் 25, செவ்வாய்

இன்னும் நாலு நாள். "ஏன் வாடிப்போயிருக்கே?" என்றான் ஷெல்டன். திருத்துகிற வேலை என்றேன். நம்பிவிட்டான்.

நவம்பர் 29, சனி

சாதாரணக் கட்டிதான். பயப்பட ஒன்றுமில்லை. டாக்டர் சொன்னதும் அத்தை சிலுவை போட்டுக்கொண்டு, இன்னொரு தடவை சொல்லுங்க என்று சொல்ல வைத்துக் கேட்டார். வெளியே வந்து ஆஸ்பத்திரி மதில் ஓரமாக நின்று இரண்டு பேரும் அழுதோம்.

"அவன்கிட்ட சொல்லப் போறியா?"

"தெரியலை அத்தை."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வேணாம். அடுத்த படத்துல வந்துடும்."

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பெற்ற பிள்ளையைப் பற்றி அப்படிச் சொல்ல அவருக்கு எப்படி இருந்திருக்கும்?

வீட்டில் ஷெல்டன் கதவைத் திறந்தான். "எங்க போயிருந்தீங்க ரெண்டு பேரும்? போன் பண்ணிக்கிட்டே இருக்கேன்."

"மார்க்கெட்டுக்கு" என்றார் அத்தை.

"மீன் நல்லா இல்லை, வாங்கலை" என்றேன் நான்.

முன்கூட்டி நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை. ஷெல்டன் அத்தை முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். ஏதோ இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. என்னவென்று நாங்கள் சொல்லவில்லை.