மூடியில் வைத்த ஊறுகாய்

அண்ணே,

இன்று மதியம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் புது டிரைவர் டிபன் பாக்ஸைத் திறந்தார். எலுமிச்சை ஊறுகாய் வாசனை. எனக்குச் சோறு இறங்கவில்லை. நீங்கள் ஓட்டிய விழுப்புரம் வண்டியில் ஏழு வருஷம் கண்டக்டராக இருந்தவன், சாப்பாட்டை மூடிவைத்து எழுந்தது இதுதான் முதல் தடவை.

உங்களுக்கு பிரஷர் என்று தெரிந்த நாளில் நான்தான் கூட வந்தேன். டாக்டர் உங்கள் கணுக்காலை விரலால் அழுத்தினார். விழுந்த குழி மூடவே நேரமாயிற்று. "உப்பு தண்ணியப் பிடிச்சி வெச்சிக்கும். ஒடம்புல தண்ணி கூடினா ரத்தக் குழாயில அழுத்தம் ஏறும், இதயத்துக்கு வேலை ஜாஸ்தி. சோத்துல உப்பக் கொறைங்க" என்றார். அன்றிலிருந்து அண்ணி உங்கள் குழம்பில் உப்பே போடவில்லை.

நாம் என்ன செய்தோம்? "இன்னாடா இது, வைக்கோல மெல்லுற மாதிரி இருக்குது. ஒரு துண்டு ஊறுகா வை" என்பீர்கள். என் டப்பா மூடியில் வைத்துத் தள்ளுவேன். ஒரு துண்டு மூன்றாகும். கூட்டேரிப்பட்டு ஸ்டாப்பில் உப்புப் போட்டு வறுத்த வேர்க்கடலை, நம் மல்லாட்டை வேறு. "டாக்டரு சோத்துலதான வேணாம்னாரு" என்று கண்ணடிப்பீர்கள். ஊறுகாயில் இருப்பதும் உப்புதான் என்று எனக்குத் தோன்றவே இல்லை என்று எழுதினால் பொய். தோன்றியது. நீங்கள் சிரித்தீர்கள், நானும் மடையன் மாதிரி சிரித்தேன். செருப்பு வார் காலில் ஏறாமல் போனபோதும், "நாள் பூரா உக்காந்துக்கினே ஓட்டுறனில்ல, அதான் வீங்குது" என்றீர்கள். நம்பிவிட்டேன்.

நெஞ்சில் நீர் கோத்து நீங்கள் போனீர்கள். காரியத்தன்று அண்ணி என்னைக் கேட்டார்: "ஒரு கல்லு உப்பு போடலியே தம்பி, எங்க தப்பு பண்ணேன்?" நான் பந்தல் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கோழை.

இன்று டியூட்டி முடிந்ததும் மயிலத்தில் உங்கள் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அண்ணி திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "உப்பில்லாத சோறு வேணாம் வேணாம்னாரு. திட்டித் திட்டித் தின்ன வெச்சேன். அப்பவே சொல்லியிருந்தா, ஒரு நாளாவது ருசியா ஆக்கிப் போட்டிருப்பேனே தம்பி" என்றார்.

பிறகு எனக்குச் சோறு போட்டார். குழம்பில் இன்னும் உப்பு இல்லை. "கை அப்படியே பழகிடுச்சி" என்றார். நான் உப்பு கேட்கவில்லை. ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.

நீங்கள் தினமும் சாப்பிட்டது இதைத்தானா அண்ணே? வீட்டுக்கு வந்து வாய் கொப்பளித்த பிறகும் அந்த ருசியின்மை நாக்கை விட்டுப் போகவில்லை.