பப்பாளித் தட்டு

7 ஜூன் 2011
கோலியனூருக்கு மருமகளாக வந்து நாலு வருஷம். இரவுச் சோறு முடிந்ததும் எங்கள் தோட்டத்துப் பப்பாளியை அத்தை தட்டில் அறுத்து வைப்பார். "கண்ணுக்கு நல்லது, மலச்சிக்கலே வராது" என்று பழம் விற்கும்போது கடைக்காரர்களிடம் பேசுவதையே என் வீட்டுக்காரர் வீட்டிலும் பேசுவார். மருமகள் ஒரு துண்டு வேண்டாம் என்றால் முழுகாமல் இருக்கிறாள் என்று தெருவுக்கே சேதி. போன வருஷம் பல்வலி என்று தட்டைத் தள்ளினேன். அத்தை பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டார். அடுத்த மாதம் நான் தின்றதை எல்லோரும் பார்த்தார்கள். அந்த அசிங்கம் போதும்.

9 ஜூன்
நாள் தள்ளிப் போயிருக்கிறது. இதற்கு முன்பும் இப்படி ஏமாந்திருக்கிறேன். தட்டு வந்தது. அத்தையின் கண் என் கையிலேயே இருந்தது. மூன்று துண்டு எடுத்துச் சிரித்துக்கொண்டே தின்றேன்.

10 ஜூன்
ஒருவேளை இருந்தால்? ஏன்டி தின்ன? வேணாம்னு ஒரு வார்த்த சொல்ல வாய் வரலியா?

14 ஜூன்
அக்கா வீடு என்று சொல்லிவிட்டுத் திண்டிவனம் போய் டாக்டரம்மாவைப் பார்த்தேன். இருக்கிறது! சந்தோஷப்படக்கூடத் தோன்றாமல் பப்பாளியைக் கேட்டேன்.

"நல்லா பழுத்ததுதானே? பயப்படாதீங்க. காயா, பாலோட இருந்தாதான் வேணாம்."

நான் தின்றது நன்றாகப் பழுத்ததா? காம்போரம் பச்சையாக இருந்ததே. திரும்பும் பஸ் கூட்டேரிப்பட்டு தாண்டியும் அதே நினைப்பு.

15 ஜூன்
வீட்டில் சொல்லிவிட்டேன். இவருக்குத் தலைகால் புரியவில்லை. அத்தை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

இன்றிரவு தட்டு வரவில்லை.

2 ஜூலை
அடிவயிறு இழுக்கிறது. வாயுவா, வேறு ஏதாவதா? போய்ப் போய்ப் பார்க்கிறேன் — கறை ஒன்றுமில்லை. ஏதாவது ஆகிவிட்டால் என்னைத்தான் சொல்வார்கள். நானே சொல்லிக்கொள்வேன்.

3 ஜூலை
மல்லாட்டை உடைத்துக் கடலை உரிக்கும்போது அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்து தானும் உரித்தார்.

"இன்னாத்துக்கு இப்பிடி பயந்துகினு கெடக்கற? உன் வூட்டுக்காரன் மணிமாறன் வயித்துல இருக்கசொல்ல நானுந்தான் தின்னேன். உன்ன மாதிரிதான், யாருக்கும் தெரியக் கூடாதுன்னு."

அப்படியே அழுதுவிட்டேன். அத்தை உரிப்பதை நிறுத்தவில்லை.

11 நவம்பர் 2012
பாப்பாவுக்கு இன்று முதல் பப்பாளி. நன்றாகப் பழுத்ததுதானா என்று நான் மூன்று முறை அழுத்திப் பார்த்தேன். அத்தைதான் மசித்து ஊட்டினார். மூக்கெல்லாம் பூசிக்கொண்டு இன்னும் கேட்டுக் கையை நீட்டினாள்.

"ஏற்கெனவே ருசி கண்டவளாச்சே" என்றார் அத்தை.

"எப்ப?" என்று இவர் கேட்டார்.

அத்தை அடுத்த துண்டை மசித்தார்; நான் பாப்பாவின் மூக்கைத் துடைத்தேன்.