அத்தை படம்

என் கண்ணான மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். என் இடது முட்டி மட்டும் சுகமில்லை, அதைத் தனியாக விசாரித்து எழுது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன், ஆனால் என் நம்பிக்கை உன் அம்மாவுக்குப் போதவில்லை, போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் சாப்பிடுகிறாள். அவளுடைய கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது வீட்டில் இருக்கிற தூசியெல்லாம் அவளுக்குப் பளிச்சென்று தெரிகிறது, அதனால் ஆபரேஷன் அவளுக்கு, அவஸ்தை எனக்கு. மாடித் தொட்டி ஒழுகியதையும் சரி செய்தாகிவிட்டது. நீ குளிரில் வேலைக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போ, அழகுக்காகத் திறந்துவிடாதே.

இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் சொல்ல இரண்டு தடவை முயற்சி பண்ணினேன், இரண்டு தடவையும் தொண்டை அடைத்துக்கொண்டது, லைன் சரியில்லை என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், நீயும் உட்கார்ந்து படி, அடுப்பில் ஏதாவது வைத்திருந்தால் அணைத்துவிட்டு வா.

நம் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் அத்தை படத்தைப் பற்றிய சமாசாரம் இது. என் அத்தை மகன், அதாவது உன் மாமா, வெளிநாட்டிலிருந்து வரப்போகிறார், தன் அம்மாவின் படத்தைத் தனக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார் என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா. நீ யோசிக்காமல், கொடுத்துடுங்கப்பா, அவங்க அம்மா படம்தானே, அவங்களுக்குத்தானே உரிமைன்னு சொன்னாய். நியாயம்தான். ஆனால் எனக்கு மனசே இல்லை. பிறந்ததிலிருந்து பார்த்த முகம், நான் பரீட்சைக்குப் போனதும் அந்தப் படத்தைத் தாண்டித்தான், உன் அம்மாவைக் கல்யாணம் பண்ணி அழைத்து வந்ததும் அந்தப் படத்தைத் தாண்டித்தான். என்னைப் பெற்றவள் நான் தவழ ஆரம்பிக்கும் முன்பே போய்விட்டாள் என்பது உனக்குத் தெரியும், அவளுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. வாலிப வயதில் ஒருநாள் அப்பாவிடம் தைரியமாகக் கேட்டேன், அவங்க போட்டோ ஏதாவது இருக்காப்பான்னு. போட்டோ எதுவும் எடுக்கலைப்பா என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். அதற்கப்புறம் கேட்கவில்லை. முகம் தெரியாத ஒருத்திக்காக ஏங்குவதை வெளியே சொன்னால், நீ பாட்டி என்று கூப்பிட்ட என் அம்மா, அப்பா இரண்டாவதாகக் கல்யாணம் பண்ணி அழைத்து வந்து என்னை வளர்த்து ஆளாக்கியவள், மனசு நொந்துவிடுவாளே என்ற பயமும் இருந்தது. ஆனால் ஏக்கம் போகவில்லை மகளே, இந்த வயதிலும் போகவில்லை. அத்தை முகத்தையாவது பார்த்துக்கொண்டிருந்தேன், அதையும் தூக்கிக்கொண்டு போக ஒருத்தர் வருகிறாரே என்று எரிச்சலாக இருந்தது.

அந்தப் படத்துக்கு ஒரு கதையும் உண்டு, நீ மறந்திருக்கலாம். பக்கத்து வீட்டு ரேடியோ மாமா, அவர் வாயை மூடியதை யாரும் பார்த்ததில்லை, அவர்தான் கதாசிரியர். ஊர் ஊராகப் போய்ப் படம் வரைகிற ஒரு ஓவியன் வந்தானாம், கல்யாணமாகாத அத்தையை உட்காரவைத்து வரைந்தானாம், வரையும்போதே மனசைப் பறிகொடுத்துவிட்டானாம், அதனால்தான் அத்தை நிமிர்ந்து பார்க்காமல் வெட்கப்பட்டுக் குனிந்துகொண்டிருக்கிறாளாம். நாங்களும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டோம். அவர் எங்கள் அத்தையைப் பார்த்ததே இல்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை. நானே அத்தையைப் பார்த்ததாக நினைவில்லை, அவர் கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போனவர் திரும்பி வரவே இல்லை. பெற்றவள் போன பிறகு அப்பாவும் வேலையை மாற்றிக்கொண்டு இந்த ஊருக்கு வந்துவிட்டதால் பழைய மனிதர்கள் யாரும் இங்கே கிடையாது. இது யாருப்பா என்று நான் சின்ன வயதில் கேட்டபோது அப்பா சொன்னது இரண்டே வார்த்தை. அத்தை படம்.

உன் மாமா வந்தார். ஆள் நல்ல உயரம், பேச்சு மெல்ல. நான் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டுதான் உள்ளே கூப்பிட்டேன். வந்தவர் காப்பியைக்கூடத் தொடாமல் நேராகப் படத்தின் முன்னால் போய் நின்றார். நின்றார், நின்றார், நின்றுகொண்டே இருந்தார். அப்புறம் திரும்பி, அத்தான், இது எங்க அம்மா இல்லையேன்னார். எனக்கு வந்ததே கோபம். இத்தனை வருஷமாக எங்கள் வீட்டில் தொங்கும் அத்தையை அத்தை இல்லை என்று சொல்ல இவர் யார் என்று நினைத்தேன், பிள்ளை ஆயிற்றே, அவருக்குத் தெரியாதா என்ற புத்தி அப்புறம்தான் வந்தது. தன் பர்சிலிருந்து அவர் அம்மாவின் போட்டோவை எடுத்துக் காட்டினார். நீள முகம், சின்ன நெற்றி, கூர் மூக்கு. நம் படத்திலிருப்பது வட்ட முகம், அகல நெற்றி. யார் பார்த்தாலும் வேறு வேறு ஆள் என்பார்கள்.

அத்தோடு விட்டாரா, இல்லை. எங்க அம்மா இல்ல, ஆனா இது எங்க அம்மா வரைஞ்சதுன்னார். அத்தை படம் வரைவார் என்பதே எனக்குப் புதுச் செய்தி. அவர்கள் வீட்டில் சுவரெல்லாம் அம்மா வரைந்த படங்களாம், ஒன்றில்கூட யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்களாம். போஸ் குடுத்தா மூஞ்சி மரக்கட்டை மாதிரி ஆயிடுது, நீ பாட்டுக்கு ஏதாவது வேலையைப் பாரு, நான் பாட்டுக்கு வரையறேன் என்று சொல்வாராம் அத்தை. அவர் வீட்டுக்காரர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருப்பார், உன் மாமா ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருப்பார், எல்லோரும் கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பின்னணியில் இருக்கும் பாசிப் பச்சையைக் காட்டி, இந்தப் பச்சை எங்க வீட்டுல எல்லாப் படத்துலயும் இருக்கு அத்தான் என்று விரலால் தொடாமல் தொட்டுக் காட்டினார். அப்படியானால் இது யார் என்று கேட்டேன்.

அவர் போட்டோவைப் பர்சில் வைத்துக்கொண்டார். எங்க அம்மா பொறந்த வீட்டுல முழுசா வரைஞ்சு முடிச்சது ஒரே ஒரு படம்தான்னு சொல்வாங்க, அவங்க அண்ணியை வரைஞ்சது, அண்ணிக்கு மட்டும் கையில வேலை குடுக்க வேண்டியிருக்கலையாம், மடியில பிள்ளை தூங்கிட்டு இருந்தானாம் என்றார். அத்தைக்கு அண்ணி என்றால் அப்பாவின் மனைவி. மடியில் பிள்ளை என்றால் என்னைப் பெற்றவளுக்கு இருந்த ஒரே பிள்ளை நான். ஆனால் படத்தில் பிள்ளை இல்லையே. மார்புக்குக் கீழே சட்டம் வந்து முடிந்துவிடுகிறது, கையும் இல்லை, மடியும் இல்லை. நாங்கள் இரண்டு பேரும், இருக்கும், இருக்காது, வேறு படமாக இருக்கும் என்று மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். உன் அம்மா சமையலறையிலிருந்து வந்து, சட்டத்தைக் கழட்டிப் பார்த்தா தெரிஞ்சுட்டுப் போகுது, வாயாலேயே எவ்வளவு நேரம் கழட்டுவீங்க என்றாள். அவள் சொன்னால் அப்பீல் ஏது.

போர்வையில் சுற்றி டாக்சியில் எடுத்துக்கொண்டு, மருந்துக் கடைக்குப் பக்கத்தில் இருக்கும் ஃபிரேம் கடைக்குப் போனோம், உன் அம்மாவும் கூட வந்தாள். கடைக்காரர் படத்தைக் கவிழ்த்து, துருப்பிடித்த ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். பின்பலகையை எடுத்ததும், இங்க பாருங்க, கீழ்ப் பக்கம் படம் வரைஞ்ச துணியை உள்ளே மடிச்சு விட்டிருக்காங்க, சட்டத்துக்குப் படம் பெரிசாப் போச்சு போலிருக்கு, நல்லவேளை யாரும் வெட்டலை என்றார். மடிப்பை உடனே விரித்தால் வர்ணம் உதிரும் என்று விளக்கின் சூட்டில் காட்டிக் காட்டி மெதுவாக விரித்தார். எனக்கு அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. முதலில் ஒரு கை வந்தது. அப்புறம் இன்னொரு கை. இரண்டு கைக்கும் நடுவில் ஒரு குழந்தை, வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறது. உன் அம்மா குனிந்து பார்த்துவிட்டு, சந்தேகமே இல்லை, இப்பவும் இப்படியேதான் தூங்குறீங்க என்றாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது எனக்கு. கடைக்காரர் கடையில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்திவிட்டு, ஒரு ஸ்டூலை என் பக்கம் தள்ளிவிட்டு, ஏதோ வேலை இருப்பதுபோல வெளியே போனார். வெட்கமாவது, ஓவியனாவது. என்னை ஏறெடுத்தும் பார்க்காத அத்தை என்று நினைத்திருந்தேனே, அவள் பார்த்துக்கொண்டிருந்ததே என்னைத்தான்.

உனக்குச் சிரிப்பு வரட்டும் என்று இதையும் எழுதுகிறேன். காலம் பூராவும் வகுப்பில் வேற்றுமைத் தொகை நடத்தியவன் உன் அப்பன். தொகையை விரித்து எழுதாத பிள்ளைகளுக்கு மார்க்கை ஈவிரக்கமில்லாமல் குறைத்தவன். அத்தை படம் என்றால் அத்தையுடைய உருவப்படம் என்று ஆறாம் வேற்றுமையாக விரித்துக்கொண்டேன், அப்பா சொன்னது அத்தையால் வரையப்பட்ட படம், மூன்றாம் வேற்றுமை, உருபும் பயனும் உடன்தொக்க தொகை. வரைஞ்ச என்ற ஒரு சொல்லை அப்பா விழுங்கியதில் ஒரு தாய் எனக்கு அத்தை ஆகிவிட்டாள். போட்டோ இருக்கா என்று கேட்டதற்குப் போட்டோ எடுக்கலை என்றார், படம் இருக்கா என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. இதை உன் மாமாவிடம் சொன்னதும் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எங்க அம்மாவோட அண்ணின்னா எனக்கு முறை அத்தைதானே, அதனால நான் சொன்னா அத்தை படம்னா அத்தையோட உருவம்தான், பேரை மாத்தவே வேண்டாம் அத்தான் என்றார். நான் இலக்கணம் நடத்திய ஆள், அவர் என்னைவிடச் சரியாக விரித்துவிட்டார். போகும்போது படத்தை எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் அம்மாவின் கைவேலை என்று நான்தான் சொன்னேன், சொல்லும்போது உயிர் போயிற்று. எனக்கு அம்மா வரைஞ்சது வீடு நிறைய இருக்கு, உங்களுக்கு அம்மா இது ஒண்ணுதானே என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த மனிதரை முறைத்துக்கொண்டு வரவேற்றேனே என்று இருக்கிறது. அவருக்கு நீயும் ஒரு நாலு வரி நன்றி எழுதிப் போடு.

அப்புறம் உன் நெற்றி. யாரைக் கொண்டு பிறந்திருக்கிறாள் என்று எல்லோரும் கேட்டுக் கேட்டு, நீயும் முடியை வெட்டி மறைத்துக்கொண்டு திரிகிறாயே, அது என்னைப் பெற்றவளுடைய நெற்றி. உன் மாமா உன் கல்யாணப் படத்தைப் பார்த்ததும் சொன்னது இதுதான். இனிமேல் மறைக்காதே.

இன்னும் ஒன்று இருக்கிறது, இதற்காகத்தான் தொண்டை அடைத்தது. மடிப்பை விரிக்கும் முன்பு கடைக்காரர் அதற்குள்ளிருந்து ஒரு துணியை உருவிக் குப்பைக்கூடைப் பக்கம் போட்டார். மடிப்பில் வர்ணத்தோடு வர்ணம் உரசி உரியாமல் இருக்க யாரோ மெத்தென்று மடித்து வைத்திருக்கிறார்கள், அதனால்தான் பிள்ளை முகம் புதுசு மாதிரி இருக்கு என்றார். அழுது முடித்த பிறகுதான் அந்தத் துணியைச் சரியாகப் பார்த்தேன். பழுப்புக் கட்டம் போட்ட என் பள்ளிக்கூடச் சட்டை. பேனா ஒழுகி மைக்கறை ஆனதை மறைக்க அம்மா பாக்கெட்டின் மேலேயே இன்னொரு பாக்கெட் வைத்துத் தைத்தாள், அந்த இரட்டைப் பாக்கெட் அப்படியே இருக்கிறது. நான் படிக்கும்போது ஒருமுறை சட்டத்தைக் கரையான் அரித்தது, அம்மாதான் தனியாக எடுத்துக்கொண்டுபோய், கூடவே உட்கார்ந்து மாற்றிக்கொண்டு வந்தாள், அப்பா ஆபீசிலிருந்து வருவதற்குள் சுவரில் மாட்டிவிட்டாள். அப்போதே அவள் மடிப்புக்குள் இருந்த பிள்ளையைப் பார்த்திருக்கிறாள். யார் மடியில் யார் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஏன் விரித்துக் காட்டவில்லை என்று கேட்கிறாயா. காட்டினால் இவன் நம்மை விட்டு அந்த மடிக்குப் போய்விடுவான் என்று பயந்திருக்கலாம். பயந்தவள் அதை வெட்டி எறிந்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. அவள் என் சட்டையையே எடுத்து என் முகத்துக்குப் போர்த்தி வைத்திருக்கிறாள். எனக்கு அவள்மேல் ஒரு துளி வருத்தம் இல்லை மகளே. நன்றி சொல்லத்தான் ஆள் இல்லை.

புதுச் சட்டத்தில் படத்தை முழுசாக விரித்து மாட்டியாகிவிட்டது. இனி மடிப்பும் இல்லை, துணிக்கு வேலையும் இல்லை, இதைத் தூக்கிப் போட்டுடவா என்று கடைக்காரர் கேட்டார். வேண்டாம், படத்துக்குப் பின்னாலேயே வெச்சு ஆணி அடிங்க, ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கட்டும்னேன்.

உன் வீட்டில் இருக்கிற படங்களுக்குப் பின்னால் இது யார், எடுத்தது யார் என்று இன்றைக்கே எழுதி வை, நாளைக்கு என்று தள்ளிப்போடாதே. எந்தச் சொல்லையும் விழுங்காமல் முழுசாக எழுது. குட்டிக்கு என் முத்தம். மாப்பிள்ளைக்கு என் அன்பு. எந்த நோய்நொடியும் அண்டாமல், பார்க்கிறவர் கண்ணுக்கு நிறைவாக நீங்கள் மூவரும் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
இரண்டு தாய்க்கு ஒரே பிள்ளையான
உன் அப்பா