கால் தரையில்தான் இருந்தது

நவம்பர் 12, புதன்
காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. காரை எடுத்துக் கடத்தூர் வரை ஓட்டிப் பழகினேன். எனக்கு லைசென்ஸ் இப்போதுதான் வந்தது. வீட்டுக்காரருக்குக் கண்ணுக்குள் ரத்தக் கசிவு, இனி ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த ஊசி செவ்வாய்க்கிழமை, தருமபுரியில். பஸ்ஸில் வர மாட்டாராம். ஆகவே நான்.

பழைய பெட்ரோல் கார். இப்போது நியூட்ரலில் நின்றாலும் உறுமுகிறது. சந்தைப் பக்கம் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடு சாந்தி."

"எடுத்துட்டங்க."

"எடுத்தா ஏன் இப்படிக் கத்துது?"

குனிந்து என் காலைப் பார்த்தார். கால் தரையில். அப்படியும் நம்பவில்லை.

13, வியாழன்
வாங்க: உளுந்து, கண் சொட்டு மருந்து, அடி மெல்லிசான செருப்பு. (ஒருவேளை என் கால்தானோ?)

மெக்கானிக் செல்வம் வந்தார். எஞ்சினுக்குக் காற்று போகும் வழியைச் சுத்தம் செய்து, ஆக்சிலேட்டர் கேபிளைத் தளர்த்தினார். சத்தம் குறைந்தது. சாயங்காலம் மறுபடி அதே.

போனில் சொன்னால், "பழைய வண்டிங்க்கா, கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்."

இவர் பக்கத்திலிருந்து: "நான் ஓட்டுறப்ப இருந்துச்சா, கேளு."

கேட்கவில்லை. தோசை தீய்ந்தது.

15, சனி
பொம்மிடி ரோடு ரயில்வே கேட். வண்டிகள் வரிசை. பிரேக் கல் மாதிரி, மிதித்தும் இறங்கவே இல்லை. எழுந்து நிற்காத குறையாக மிதித்தேன். முன்னால் ஸ்கூட்டரில் ஒரு பெண், காலடியில் தீவன மூட்டை. ஒரு சாண் இடைவெளியில் நின்றது.

அவள் திரும்பி, "கண்ணு தெரியலியா?" என்றாள்.

பக்கத்தில் இவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் கேட்டது என்னைத்தான். பட்டது அவருக்கு.

வீட்டுக்கு வந்ததும் அந்தக் கோபத்தை என்மேல் காட்டினார். "பொம்பள கால். பலம் பத்தல."

இன்னும் ஓர் அடி போயிருந்தால்? சோறு வடிக்கும்போதும் அதே நினைப்பு, பாத்திரம் கழுவும்போதும். உட்கார முடியவில்லை.

16, ஞாயிறு
மத்தியானம் அவர் தூங்கினார். காரில் தனியாக உட்கார்ந்து, கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தேன். இரண்டு காலையும் மடக்கி சீட்மேல் வைத்துக்கொண்டேன். உறுமல். அப்போ காரணம் என் கால் இல்லை!

பிரேக்கை மட்டும் மிதித்துப் பார்த்தேன். எஞ்சின் சத்தம் ஒரு கணம் மாறுகிறது. எங்கோ 'உஸ்'. திரும்பத் திரும்ப மிதித்தேன். ஒவ்வொரு தடவையும்.

பிரேக் இறுகியதும் சத்தம் கூடியதும் ஒரே வாரத்தில்தானே? இரண்டும் ஒரே கோளாறோ?

செல்வத்துக்குப் போன். "ஞாயித்துக்கிழமைங்க்கா..." சரி, நாளை.

17, திங்கள்
பட்டறை. "மிதிங்க்கா... விடுங்க... மிதிங்க." பானெட்டுக்குள் தலையை விட்டுக் கேட்டார். எஞ்சினிலிருந்து பிரேக்குக்குப் போகும் ரப்பர் குழாய், அடிப்பக்கம் வெடிப்பு. எஞ்சினுக்கும் வெடிப்புக்கும் நடுவில் குறடால் நெரித்தார். எஞ்சின் உறுமல் அப்படியே அடங்கியது.

"இது வழியா வெளிக்காத்து உள்ள போய்த்தான் எஞ்சின் ஏறுது. எஞ்சினோட இழுப்பு போய்ச் சேராமத்தான் பிரேக்கும் இறுகிச்சு. கேட்டுல நின்னதே பெருசுங்க்கா. அன்னைக்கே நான் பாத்திருக்கணும்."

புதுக் குழாய். பிரேக் மெத்தென்று இறங்குகிறது.

இவர் எல்லாம் கேட்டுக்கொண்டு நின்றார். "ம்." அவ்வளவுதான். உன் கால்மேல் தப்பில்லை என்று ஒரு வார்த்தைக்காக வழியெல்லாம் காத்திருந்தேன்.

18, செவ்வாய்
தருமபுரி போய் வந்தாயிற்று. ஊசி நல்லபடியாக முடிந்தது. ஆஸ்பத்திரியில் பக்கத்து நாற்காலிக்காரர், "எதுல வந்தீங்க?" என்றார்.

"கார்லதான். இவ ஓட்டுனா. ஒரு பைப்பு வெடிச்சிருந்துச்சு. சத்தத்த வச்சு நான்தான் கண்டுபுடிச்சன்."

நான் சுவரைப் பார்த்தேன். கோபம். கண் போகிற மனுஷனுக்குக் காதாவது இருக்கட்டும் என்று கொஞ்சம் பாவம். பிறகு மறுபடி கோபம்.

19, புதன்
வெயில். இட்லி வைத்துவிட்டுச் சாவியை எடுத்தேன்.

"எங்க?"

"சும்மாதாங்க."

"சும்மான்னா? என்ன வேலை?"

"ஒரு வேலையும் இல்லீங்க."

பாப்பிரெட்டிப்பட்டி ரோடு. ஜன்னலை இறக்கிவிட்டேன். பாதி வழியில் போன் அடித்தது. அவர்தான். ஓட்டும்போது எடுக்கக் கூடாது. எடுக்கவில்லை. இன்னும் கொஞ்ச தூரம் போனேன்.